அடைக்கலம் புகுந்த உயிர்



தருமபுத்திரரின் இறுதி யாத்திரையை அறியாதார் இலர். திரௌபதியும் தம்பியரும் வழியில் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். கடைசிவரை உடன் நடந்தது ஒரு நாயே. தேரொடு வந்த இந்திரன், நாயை விட்டுவிட்டு ஏறுமாறு பணித்தான். நம்பித் தொடர்ந்த உயிரைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டா என மறுத்தார் தருமர். அந்நாயே தருமதேவதையாகக் காட்சி தந்தது.

அதே சோதனை இன்று தாம்பரத்திலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் வீட்டு வாயிலிலேயே நிகழ்கின்றது. தோட்டம் சூழ்ந்த தனி வீடு இடிக்கப்பட்டு அடுக்குமாடி எழுகின்றது. குடும்பம் வேறிடம் பெயர்கின்றது. தட்டுமுட்டுச் சாமான்கள் யாவும் வண்டியில் ஏறுகின்றன. பல்லாண்டு காவல் புரிந்த நாய்க்கு மட்டும் இடமில்லை. முதுமையுற்ற நாயை இரவில் தொலைவிலே இறக்கிவிட்டு மீள்வோரும் உளர். அதுவோ, கடந்து செல்லும் ஒவ்வொரு வண்டியின் ஓசைக்கும் செவி நிமிர்த்துக் காத்திருக்கின்றது. தன்னைப் புண்படுத்திய தலைவனிடத்தும் அன்பு மாறாதது நாய் என்று நாலடியார் போற்றுவதும் இதனாலன்றோ!

அடைக்கலத்தின் அருமை இப்பகுதியினர்க்குப் புதிதன்று. 2015 டிசம்பர்ப் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. முடிச்சூர் நீரில் மூழ்கியது. அன்று முன்பின் அறியாதார் நீட்டிய கரமே பலரைக் காத்தது. அவ்வாறு காக்கப்பட்டோர், தம்மையே நம்பிய வாயில்லா உயிரைக் கைவிடுதல் தகுமோ?

மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் இடைவிடாது முயன்றதன் பயனாக, 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பசியாலும் தாகத்தாலும் வருந்த நேருமாறு, தக்க காரணமின்றிப் பிராணியைக் கைவிடுதல் அச்சட்டப்படி குற்றமாகும். சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் அரிய தொண்டாற்றுகின்றன. ஆயினும், அவை ஆதரவற்ற உயிர்களுக்கு உரிய புகலிடங்கள். வளர்த்தோர் தம் கடமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கிகள் அல்ல.

குட்டியை ஏற்குமுன் அதன் ஆயுள் முழுவதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் தவறலாகா. வீடு மாறினால் அதனையும் உடனழைத்தல் வேண்டும். இயலாதாயின், அன்புடன் ஏற்கும் வேறோர் இல்லத்தில் தாமே சென்று ஒப்புவித்தல் வேண்டும்.

வைரவர் சந்நிதியில் விளக்கேற்றும் அன்பர், பெருமானின் பின்னே நிற்கும் வாகனத்தையும் ஒரு கணம் நோக்குக. இல்லத்து வாயிலிற் காத்திருக்கும் உயிருக்கு இடும் ஒரு பிடி சோறும் அப்பெருமானுக்கு உகந்த வழிபாடேயாம்.

சுபம்.