திரைக்குப் பின்னால் ஒரு பாடம்

நாடகம் ஒன்றைக் கண்டு வீடு திரும்புகின்றவர் யாரைப் பற்றிப் பேசுவார்? அரசனாக நடித்தவரைப் பற்றிப் பேசுவார். பாடியவரின் குரலைப் புகழ்வார். நெறியாளரின் பெயரையும் ஒருகால் நினைவு கூர்வார். உரிய வேளையில் திரை விலகியது பற்றியோ, அரசன் கையை நீட்டிய இடத்தில் வாள் இருந்தது பற்றியோ எவரும் பேசுவதில்லை. எவரும் பேசாதிருப்பதே அவ்வேலை செவ்வனே நடந்தது என்பதற்குச் சான்று. அவ்வேலைக்குரியவரை மேடை முகாமையாளர் என்கிறோம். நாடகம் பயிலும் மாணவர் அத்தொழிலை எவ்வாறு கற்றுக்கொள்கின்றனர் என்பது பற்றி, யட்டியாந்தோட்டையில் பாடசாலை அதிபராகப் பணியாற்றும் நான் இன்று சில கருத்துக்களைக் கூற விழைகின்றேன்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்கள் அதிலே கூறப்படும் அரங்கின் அமைதியை அறிவார்கள். ஏழு கோல் அகலமும், எட்டுக் கோல் நீளமும், ஒரு கோல் உயரமும் உடையது அவ்வரங்கு. தூண்களின் நிழல் விழாதவாறு விளக்குகள் நிறுத்தப்பட்டிருந்தன. ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படும் ஒருமுக எழினி, இரு பக்கத்திலிருந்தும் வந்து பொருந்தும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி எனத் திரைகள் மூன்று இருந்தன. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோருக்கு ஒவ்வொருவராக இலக்கணம் வகுத்த இளங்கோவடிகள், அந்த மூன்று எழினிகளையும் வேளையறிந்து இயக்கியவன் யார் என்று மட்டும் கூறவில்லை. அப்படி ஒருவன் இருந்தான் என்பதில் ஐயமில்லை. பெயரின்றி இருப்பது இத்தொழிலுக்குத் தொன்றுதொட்டு வந்த வழக்கம் போலும்.

நமது கூத்து மரபில் இத்தொழில் மறைவாக இருக்கவில்லை. மட்டக்களப்பின் வட்டக்களரியிலே அண்ணாவியார் எல்லாரும் காணக் களரியிலேயே நிற்பார். வரவும் போக்கும் தாளமும் அவர் கையில். மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தைப் பாருங்கள். தப்பு ஒலிக்க, லயத்து மக்கள் அனைவரும் சூழ்ந்திருக்க, மதனும் இரதியும் ஆடுகின்ற வேளையில், கூத்தைப் பழக்கிய வாத்தியார் பக்கத்திலேயே நின்று ஆட்டக்காரருக்கு வேண்டியதைச் சொல்லிக் கொடுப்பார். அதனை யாரும் குறையாகக் கருதுவதில்லை.

படச்சட்ட மேடை வந்தபோது நிலைமை மாறிற்று. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையும், கொழும்பில் 1913-இல் தோன்றிய லங்கா சுபோத விலாச சபையும் இம்மேடையைத் தமிழருக்குப் பழக்கப்படுத்தின. பின்னவற்றுள் முன்னின்று உழைத்த கலையரசு சொர்ணலிங்கம் அவர்களைப் பம்மலாரின் மாணவர் என்றே கூறுவர். பின்னர் 1960-களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணி நேரத்தில் அடங்கிற்று, களரி மேடையாயிற்று, தீப்பந்தத்தின் இடத்தில் மின்னொளி வந்தது. கூத்து சுருங்கியபோது காலம் விலையுயர்ந்ததாயிற்று. விடியும் வரை ஆடும் கூத்திலே ஐந்து நிமிடத் தாமதம் ஒரு பொருட்டன்று. ஒன்றரை மணி நேர நாடகத்திலோ ஐந்து வினாடித் தாமதமும் பெருங்குறை. ஆதலின் களரியில் எல்லாரும் காண நின்ற அண்ணாவியாரின் வேலையிலே ஒரு பகுதி, இருளில் நிற்கும் ஒருவரிடம் சென்றது.

அந்த இருளில் நான் முதன்முதலில் நின்றது 1990-களின் தொடக்கத்தில், பல்கலைக்கழகத்தில் கலைமாணிப் பட்டத்துக்குப் பயின்ற காலத்தில். நடிக்க வேண்டும் என்ற ஆசையோடு நாடகக் குழுவிற் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்ததோ மேடை முகாமை. உள்ளூர வெட்கப்பட்டேன். நாடகம் முழுவதும் எனக்கு மனப்பாடம் என்ற செருக்கில், விளக்குக்கும் இசைக்கும் உரிய குறிப்புகளை எழுதிக்கொள்ளவுமில்லை. நாடகத்தின் முடிவில் கதாநாயகன் மாண்டு விழ வேண்டும். அடுத்த கணம் விளக்கு அணைய வேண்டும். அன்றிரவு அவன் வழக்கத்தினும் சிறப்பாக நடித்தான். நான் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கைப் பொறுப்பேற்றிருந்தவர் என் சொல்லுக்காகக் காத்திருந்தார். மாண்டவன் மேடையிலே கிடந்தான், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பிணம் ஈற்றில் எழுந்து உள்ளே நடந்து வந்தது. அவையில் எழுந்த சிரிப்பு இன்றும் என் செவியில் உள்ளது.

எங்களைப் பழக்கிய ஆசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நீ நாடகத்தைப் பார்த்தாய், காக்கவில்லை" என்று மட்டும் சொன்னார். இத்தொழிலின் முதற் பாடம் அதுவே. எல்லாரும் பார்ப்பதற்காக ஒருவர் பாராதிருக்க வேண்டும்.

இன்று நம் நாட்டின் பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் உயர்தர வகுப்பு வரை ஒரு பாடமாக உள்ளது. எங்கள் மாணவருக்கு மேடை முகாமையை நான் கற்பிக்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

முதலாவது, மேடைப் பிரதி. நாடகப் பிரதியின் ஒவ்வொரு தாளுக்கும் எதிரே ஒரு வெறுந்தாளைச் சேர்த்துத் தைத்துக்கொள்ள வேண்டும். யார் எந்தச் சொல்லில் எப்பக்கமிருந்து வருகிறார், எங்கே நிற்கிறார், எதனைக் கையில் கொண்டிருக்கிறார் என்பனவெல்லாம் அவ்வெறுந்தாளில் பென்சிலால் எழுதப்பட வேண்டும். பேனா ஆகாது, ஒத்திகை நாளுக்கு நாள் மாறும். முகாமையாளர் நோயுற்றாலும் மற்றொருவர் அப்பிரதியைக் கொண்டு நாடகத்தை நடத்தி முடிக்கக் கூடியதாய் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அளவு. மண்டபம் ஒத்திகைக்குக் கிடைக்காத நாளில், மேடையின் நீள அகலத்தை வகுப்பறைத் தரையிலே சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்ள வேண்டும். மூன்றாவது, பொருள்கள். மேடையின் ஓரத்திலே ஒரு மேசை. அதன்மீது விரித்த தாளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் கட்டம். வாளின் கட்டத்தில் வாள் இல்லையெனின் திரை விலகுவதற்கு முன்பே அது கண்ணில் பட்டுவிடும். நான்காவது, சொல். முதலில் 'ஆயத்தம்', பின்னர் 'செல்'. 'செல்' என்ற சொல்லை முகாமையாளர் வேறெந்தப் பொருளிலும் அன்று உச்சரித்தலாகாது. இங்கிலாந்தின் அரங்குகளில் இதற்கென வண்ண விளக்குகள் உண்டு. சிவப்பு எரிந்தால் ஆயத்தம், பச்சை எரிந்தால் தொடங்கு. ஐந்தாவது, நாடகம் முடிந்தபின் எழுதும் அறிக்கை. தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நேர்ந்த பிழை ஆகியவற்றை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

இவையெல்லாம் எளிதில் கற்பிக்கக் கூடியவை. கற்பிக்க அரியதொன்று உண்டு. அதனை எனக்கே விளக்கியவள் எங்கள் மாணவி ஒருத்தி.

அவளுடைய தந்தை இறப்பர் மலையில் பால் வெட்டும் தொழிலாளி. அவளை மேடை முகாமையாளராக நியமித்தபோது, அவளும் ஒருகாலத்தில் நான் வாடியதுபோலவே முகம் வாடினாள். எனினும் வேலையை ஏற்றாள். முதல் வாரத்தில் அவள் மாணவரை அழைத்த விதம் தோட்டத்துப் பெரட்டுக் களத்தை நினைவூட்டிற்று. பெயர் சொல்லிக் கூவுவாள். பிந்தி வந்தவரை எல்லார் முன்னிலையிலும் ஏசுவாள். கட்டளை என்றால் அவள் கேட்டு வளர்ந்தது அக்குரல் ஒன்றைத்தான். இரண்டாம் வாரம் பாதிப்பேர் ஒத்திகைக்கு வரவில்லை.

நேயர்களே, நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகின்றன. இக்காலம் முழுவதும் ஒழுங்கு என்பது மேலேயிருந்து வந்தது. துரையிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கும், கணக்கப்பிள்ளையிடமிருந்து கங்காணிக்கும், கங்காணியிடமிருந்து நமக்கும் வந்தது. ஆதலின் ஒழுங்கென்றால் அச்சம் என்று நம் பிள்ளைகள் எண்ணுவதில் வியப்பில்லை. சமமானவர்கள் தம்முள் ஒருவரை நம்பித் தாமே ஏற்றுக்கொள்ளும் ஒழுங்கு ஒன்று உண்டு என்பதை அவர்கள் எங்கே காண்பார்கள்? ஏவலுக்கும் அழைப்புக்கும் உள்ள வேறுபாட்டை நான் அவளுக்குச் சொன்னேன். அவள் அதனைச் செயலிலே கண்டுபிடித்தாள். மறுவாரம் முதல் எல்லாருக்கும் முன்பாக வந்து, சுண்ணக்கோடு வரைந்து, குடிக்கத் தண்ணீர் வைத்து, ஒவ்வொருவர் அருகிலும் சென்று, "இன்னும் பத்து நிமிடம்" என்று மெல்லச் சொல்வாள். கேட்டவர், "பத்து நிமிடம், சரி" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவே. ஒரு மாதத்தில் பிந்தி வருபவர் எவருமில்லை.

நாடக நாள் வந்தது. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்களின் கதையை மாணவர் தாமே எழுதியிருந்தனர். பெற்றோர் மண்டபம் நிறைய வந்திருந்தனர். கல்வி அதிகாரிகளும் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். இரண்டாம் காட்சி முடிந்து திரை மூடியபோது மழை பிடித்துக்கொண்டது. களனி கங்கைப் பள்ளத்தாக்கின் மழையை அறியாதவருக்கு அதனை விளக்குவது கடினம். தகரக் கூரையின் கீழே பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேளாது. அடுத்த காட்சியிலோ, வழியில் மகனைப் பறிகொடுத்த முதியவர் ஒருவர் தாழ்ந்த குரலில் பேச வேண்டும். நாடகத்தின் உயிரே அதுதான்.

திரை விலகவில்லை. ஐந்து நிமிடம் கழிந்தது. அதிகாரிகள் என்னைத் திரும்பிப் பார்த்தனர். நான் எழுந்து மேடையின் ஓரத்துக்குச் சென்றேன். அங்கே அவள் ஒரு கையில் பிரதியும், மறு கையில் சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச் விளக்குமாக நின்றிருந்தாள். பச்சைத் தாள் சுற்றிய மற்றொன்று அருகில் இருந்தது. மழை வரக்கூடும் என்று அவள் முன்கூட்டியே எண்ணியிருந்தாள். தப்பு அடிப்பவனும் விளக்குக்காரனும் அச்சிவப்பொளியைப் பார்த்தபடி அசையாதிருந்தனர்.

"ஆரம்பிக்கலாமே, பெரியவர்கள் காத்திருக்கிறார்கள்" என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன்.

"இன்னும் இல்லை ஐயா. தாத்தா பேசுவது பின்வரிசைக்குக் கேட்காது" என்றாள்.

எனக்குச் சினம் எழுந்தது உண்மை. அதிபர் சொல்லி மாணவி மறுப்பதாவது! ஆனால் அவள் குரலில் துடுக்கு இல்லை, கூச்சலும் இல்லை. பிணம் எழுந்து நடந்த அந்தப் பழைய இரவு என் நினைவுக்கு வந்தது. அன்று நான் காக்கவில்லை. இன்று இவள் காக்கிறாள். நான் என் இருக்கைக்குத் திரும்பினேன். மழை தணிந்தது, பச்சை எரிந்தது, தப்பு ஒலித்தது, திரை விலகிற்று. முதியவரின் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரை கேட்டது. அங்கே இருந்தவர் பலர் கண்ணீர் விட்டனர்.

நாடகம் முடிந்தபின் அவளுடைய தந்தை மேடையருகே வந்தார். "எல்லாப் புள்ளைகளையும் பார்த்தேன், ஒன்னத்தான் காணல" என்றார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அவளோ, "மழையில எல்லாரும் காத்திருந்தீங்களே அப்பா, அது நான் சொல்லித்தான்" என்றாள். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். "நானும் அவள் சொல்லித்தான் காத்திருந்தேன்" என்றேன்.

மறுநாட் காலையில் அவளது அறிக்கை என் மேசைமீது இருந்தது. அதிலே ஒரு வரி: "மூன்றாம் காட்சி 11 நிமிடத் தாமதம். காரணம் மழை. முடிவு என்னுடையது." இத்தொழிலைக் கற்றுக்கொண்டாளா என்று அறிய எனக்கு வேறு பரீட்சை தேவைப்படவில்லை. அவ்வறிக்கையை அவளது மேடைப் பிரதியோடு சேர்த்துத் தைத்துப் பாடசாலை நூலகத்தில் வைத்திருக்கின்றேன். அடுத்து அப்பொறுப்பை ஏற்கும் மாணவர்க்கு அதுவே முதல் பாடநூல்.