பண்டைச் சமயங்களிற் பெண்ணின் நிலை

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பண்டைச் சமயங்கள் பெண்ணைத் தெய்வமாகப் போற்றின என்று மேடைதோறும் பேசுகின்றோம். அஃது உண்மை, ஆனால் முழு உண்மை அன்று. பண்டை ஏதென்சு நகரின் காவல் தெய்வம் அதீனா என்னும் பெண் தெய்வம். அத்தெய்வத்தின் கோயிலிலே பூசை செய்தவளும் பெண். ஆனால் அந்நகரின் சபையில் வாக்களிக்கப் பெண்ணுக்கு உரிமை இருக்கவில்லை. பெண் தெய்வத்தை வணங்குவது வேறு. பெண்ணை மதிப்பது வேறு.

நம் நாட்டைப் பாருங்கள். கி. மு. 3ஆம் நூற்றாண்டிலே சங்கமித்தை அநுராதபுரம் வந்து பிக்குணிச் சங்கத்தை நிறுவினார். கி. பி. 11ஆம் நூற்றாண்டளவில் அது மறைந்துபோயிற்று. அதை மீண்டும் எழுப்பும் முயற்சி 1990களிலேதான் கைகூடத் தொடங்கியது. இழந்த உரிமையை மீட்பது எத்துணை அரிது!

நம் சமயத்துக்கு வருவோம். பிருகதாரணியக உபநிடதத்திலே சனக மன்னனின் அவையிற் கார்க்கி என்னும் பெண் யாஞ்ஞவல்கியரை வினாவுகிறாள். ‘மேலும் கேட்டால் உன் தலை விழும்’ என்ற கருத்துப்பட அவர் எச்சரிக்கிறார். அவள் அடங்கினாள், ஆனால் ஓயவில்லை. மறுபடியும் எழுந்து இரு வினாக்கள் தொடுத்தாள். விடை கேட்டபின், இவரை வெல்வார் இல்லை என்று அந்தணர்களுக்கு எடுத்துரைத்தவளும் அவளே. அத்தகைய நாட்டிலேதான், பெண் எப்பருவத்திலும் தனித்தியங்கலாகாது என்னும் மனுநூல் விதியும் பின்னர் எழுந்தது.

நாயன்மார் அறுபத்து மூவருள் பெண்கள் மூவர். இசைஞானியாரைச் சுந்தரரின் தாயாக அறிகிறோம். மங்கையர்க்கரசியாரைப் பாண்டிமாதேவியாக அறிகிறோம். காரைக்காலம்மையார் ஒருவரே தாமே பாடித் தம் பெயரை நிறுத்தியவர். திருமுறை ஆசிரியருள்ளும் பெண் அவர் ஒருவரே. மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் அவரை விட்டு நீங்கினான். அவரோ அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். ஓர் ஐயம் என்னை வருத்துகிறது. இறைவனிடம் தனிவழி நடக்க, ஒரு பெண் தன் பெண்ணுருவையே துறக்க வேண்டியிருந்ததா? அது பத்தியின் பெருமை மட்டுமா, அக்காலச் சமுதாயத்தின் குறையும் ஆகாதா?

இளைஞர்களே! பங்குனிச் சுவாதியில் அம்மையாரின் குருபூசை நடத்துகிறோம். அன்றும் நம் சகோதரிகள் மாலை கட்டுவதிலும் மடைப்பள்ளியிலுமே நிற்கின்றனர். மேடையேறிப் பேசுவோர் ஆண்களே. வரும் குருபூசையிலே அம்மையாரின் பாடற்பொருளை ஒரு சகோதரி விளக்கட்டும்; கார்க்கியைப்போல் எழுந்து வினாவட்டும். அம்மையாருக்கு நாம் செய்யும் மெய்யான பூசை அதுவே.

பெரியோர்கள் இதற்கு ஆசி கூறவேண்டும் என்று கேட்டு அமைகின்றேன்.