பயணத்திலும் காவல் வேண்டும்



தீபாவளி நெருங்கினால் ஜொகூர்த் தோட்டங்களில் வாழும் நம்மவர் பலருக்குச் சிங்கப்பூர்ப் பயணம் நினைவுக்கு வரும். கடற்பாலத்தைக் கடந்து, தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் சேலையும் வேட்டியும் வாங்கி, வீரமாகாளியம்மன் கோயிலில் வழிபட்டுத் திரும்புவது தனி மகிழ்ச்சிதான். அப்பயணத்தில் மடியிலுள்ள பணத்தைக் காக்க நாம் அறிவோம். மடியில் இல்லாத பணத்தைக் காப்பது எவ்வாறு என்பதையே இன்று சிந்திக்கவிருக்கிறோம்.

நம் சம்பளம் இன்று வங்கியில் சேர்கிறது. அடையாள அட்டை எண், வங்கி அட்டை எண், அதன் பின்புறமுள்ள மூன்று இலக்கங்கள், இரகசிய எண், கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியவையே அப்பணத்தின் சாவிகள். இவை பிறர் கைக்குப் போனால், அவர் நம் பெயரிலேயே நம் பணத்தை எடுத்துவிடக்கூடும். பால் வடிய மெல்லிய வெட்டு ஒன்றே போதும் என்பது நமக்குத் தெரியாததன்று.

2021 டிசம்பரில் சிங்கப்பூரில் ஓசிபிசி வங்கியின் பெயரால் போலிக் குறுஞ்செய்திகள் பரவின. வங்கியின் உண்மைச் செய்திகள் வரும் வரிசையிலேயே அவையும் வந்ததால் பலர் ஐயுறவில்லை. இணைப்பைத் தொட்டு விவரங்களைப் பதிந்த ஏறக்குறைய 790 வாடிக்கையாளர்கள் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியை இழந்தனர். அவ்வங்கி நல்லெண்ண அடிப்படையில் இழப்பை ஈடுசெய்தது. ஆயினும், எல்லாருக்கும் எப்போதும் அவ்வாறு கிடைக்கும் என எண்ணலாகாது. கற்றோர் நிறைந்த நகரிலேயே இவ்வாறு நேர்ந்ததெனில், நாம் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

பயணத்திற்கு முன்பே காவல் தொடங்குகிறது. சிங்கப்பூரில் நுழைய நாம் பதியும் வருகை அட்டைக்குக் கட்டணம் இல்லை. அந்நாட்டுக் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தின் இணையப் பக்கத்திலேயே அதனைப் பதியலாம். கட்டணம் கேட்கும் வேறு பக்கங்களில் நம் கடப்பிதழ் எண்ணையோ வங்கி அட்டை எண்ணையோ தரலாகாது. பிள்ளைகள் நமக்காகப் பதிந்தாலும் அருகிலிருந்து இதனைக் கவனிப்போம்.

நகரில் இருக்கையில் சில பழக்கங்கள் நம்மைக் காக்கும். தேவையான ஓர் அட்டையை மட்டும் எடுத்துச் செல்வோம். இரகசிய எண்ணைத் துண்டுத் தாளில் எழுதி அட்டையோடு சேர்த்து வைக்கும் வழக்கத்தை இன்றே விடுவோம். எண்ணை அழுத்தும்போது மறு கையால் மறைப்போம். கடைக்காரர் அட்டையை நம் கண்ணுக்கு எட்டாத இடத்திற்குக் கொண்டுசெல்ல விடலாகாது. பொது இடங்களில் கிடைக்கும் இலவச இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கலாகாது.

பரிசுக் குலுக்கல் என்று சொல்லி யாரேனும் அடையாள எண்ணைக் கேட்டால் மறுத்துவிடலாம். சட்டத் தேவை இன்றி நிறுவனங்கள் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதைச் சிங்கப்பூர் 2019 செப்டம்பர் 1 முதல் தடுத்துள்ளது. தங்கும் விடுதி நம் கடப்பிதழைப் பார்த்துப் பதிவது முறையே. ஆனால் அதனை ஈடாக எவரிடமும் விட்டுவரலாகாது.

இத்தனைக்குப் பிறகும் தவறு நேர்ந்தால் என் செய்வது? அட்டை தொலைந்தால் முதலில் வங்கியை அழைத்து அதனை முடக்குவோம். ஆகவே வங்கியின் தொலைபேசி எண்ணைத் தனியே குறித்து வைத்திருத்தல் நலம். கடப்பிதழ் தொலைந்தால் போலீசில் புகார் செய்து, பின்னர் ஜெர்வோய்ஸ் சாலையிலுள்ள மலேசியத் தூதரகத்தை நாடுவோம். மோசடி பற்றிய உதவிக்குச் சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997 ஆகிய எண்கள் உள்ளன. ஏமாந்தோமே என வெட்கி மறைப்பவர் திருடனுக்கே நேரம் கொடுக்கிறார்.

தோழர்களே! விவரம் கேட்பவர் எவராயினும், எதற்காக என்று ஒரு கேள்வி கேட்போம். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிச் சேர்த்த பணம் நம் குடும்பத்திற்கே பயன்படட்டும்.