இரண்டு காசும் இரண்டரை மணி நேரமும்

(நம் வளாகத்தின் கிறிஸ்துமஸ் கூடுகையில் பேசியது)



வங்கியில் பல வருடம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணியவன் நான். அதனால் பைபிளில் காசு பற்றி வரும் இடமெல்லாம் சட்டென்று கண்ணில் படும். அதில் ஒன்று ஏழை விதவையின் காணிக்கை. மாற்கும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள்.

எருசலேம் ஆலயத்தில் பணக்காரர்கள் நிறையப் போடுகிறார்கள். அந்த அம்மா போட்டது இரண்டு லெப்டா. அன்று ஒரு கூலியாளின் தினக்கூலி ஒரு தெனாரியம். அதற்கு 128 லெப்டா. இன்றைய கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவர் போட்டது 10 ரூபாய். ஆனால் எல்லோரையும்விட அதிகம் போட்டது அவர்தான் என்றார் இயேசு. மற்றவர்கள் மிச்சத்திலிருந்து கொடுத்தார்கள். அவர் தன் பிழைப்புக்கு வைத்திருந்ததையே கொடுத்தார்.

இந்தக் கணக்கு வெகுநாள் என் மனதில் ஏறவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நம் செக்யூரிட்டிகளுக்கு ஆளுக்கு 500 ரூபாய் கொடுப்பேன். கவர் மேல் என் பெயரும் ஃப்ளாட் எண்ணும் இருக்கும். அந்தத் திருப்தி மதியம்வரைகூடத் தாங்காது.

போன வருடம் டிசம்பர் 24 இரவு, கவரை வாங்கிக்கொண்டவர், "சார், காலையில சர்ச்சுக்குப் போனா எனக்காகவும் ஜெபம் பண்ணிக்குங்க" என்றார். அவரும் கிறிஸ்தவர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மாற்று ஆள் இல்லாததால் மறுநாள் பகலும் அவருக்கே டூட்டி.

தூக்கம் வரவில்லை. அதிகாலை நான்கு மணி ஆராதனையை நான் சிறுவயதிலிருந்து தவறவிட்டதில்லை. 500 ரூபாய் என் மிச்சம். அந்த ஆராதனைதான் என் இரண்டு காசு என்று புரிந்தது. கடவுள் தம்மையே நமக்குக் கொடுத்த நாள் என்றுதானே கிறிஸ்துமஸைக் கொண்டாடுகிறோம்! செயலாளரிடம் ஃபோனில் சொல்லிவிட்டு, மூன்றரைக்குக் கீழே போனேன். "நீங்க போய்ட்டு வாங்க, கேட்டை நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவர் நம்பவே இல்லை.

ஆறு மணிவரை உட்கார்ந்தேன். நல்ல கொசு. பால் வண்டி, பேப்பர் பையன், எல்லோரையும் நேரத்தோடு ரிஜிஸ்டரில் எழுதினேன், பழைய பழக்கம். காரில் வந்த ஒருவர் இருட்டில் அடையாளம் தெரியாமல், "சீக்கிரம் திறய்யா" என்றார். யாரென்று சொல்லமாட்டேன். நானும் அப்படிப் பேசியவன்தான்.

திரும்பி வந்தவர், சர்ச்சில் கொடுத்த கேக்கைப் பிட்டு எனக்குப் பாதி தந்தார். கேட் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டோம். ஒரு வருடம் ஆகிறது, அந்தச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

இந்த 24-ஆம் தேதி இரவும் கேட்டில் இரண்டு மணி நேரம் உட்கார ஆள் தேவை. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் இதையே செய்யலாம். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கவர் கொடுப்பதையும் நிறுத்தாதீர்கள். கவரில் பெயர் வேண்டாம், நோட்டில் எழுதுங்கள்.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.