உருளும் தாங்கியில் எண்ணெயும் வெப்பமும்

ஓடும் சரக்கு ரயிலில் அச்சு முனை சூடேறுவதை ரயில்வே ஊழியர் ‘ஹாட் ஆக்சில்’ என்பர். கவனியாது விட்டால் அச்சு முறிந்து வண்டி தடம் புரளவும் கூடும்.

உருளைத் தாங்கியில் உருளையையும் வளையத்தையும் பிரித்து நிற்பது, கிரீஸிலிருந்து கசியும் எண்ணெயின் மிக மெல்லிய படலமே. அங்கு அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 10,000 மடங்கையும் எட்டலாம். எஃகு நெகிழ்கிறது, எண்ணெய் இறுகுகிறது.

1886-இல் ரெனால்ட்ஸ் மசகுப் படலத்தின் சமன்பாட்டை வகுத்தார். எஃகின் நெகிழ்வையும் அதனுடன் சேர்த்து 1959-இல் டவ்சனும் ஹிக்கின்சனும் எண்முறைத் தீர்வு கண்டனர். வெப்பத்தையும் சேர்த்தாலன்றிக் கணக்கு முழுமை பெறாது. வேகம் கூடினால் படலம் தடிக்கும். ஆனால் நுழையும் எண்ணெய் சூடேறி இளகினால் அது மெலியும்.

சூடேறிய தாங்கியைக் கண்டு வண்டியை நிறுத்துவது காவல். சூடேறாதவாறு முன்கூட்டியே கணக்கிட்டு அமைப்பதே உண்மையான சிக்கனம்.