ராணி நல்லவளாக மட்டும் இருந்தால் போதுமா?



'ஜோதா அக்பர்' தொலைக்காட்சித் தொடரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜீ டிவியில் 2013 ஜூன் முதல் 2015 ஆகஸ்ட் வரை இந்தியில் ஓடியது. பாலாஜி டெலிஃபிலிம்ஸ் தயாரிப்பு. ஜலாலாக, அதாவது இளம் அக்பராக, ரஜத் தோகாஸ்; அவருடைய ராஜபுத்திர மனைவி ஜோதாவாக பரிதி சர்மா. ஜீ தமிழில் தமிழ்க் குரலோடு வந்தபோது நம் வீடுகளிலும் அதற்கென்று ஒரு கூட்டம் சேர்ந்தது. இரவுச் சாப்பாட்டை அந்த நேரத்துக்கு ஏற்ப மாற்றி வைத்த குடும்பங்கள் உண்டு.

அந்தத் தொடரைப் பற்றிய பேச்சை எங்கே கேட்டாலும் ஒன்றைக் கவனித்தேன். ஜோதாவை எல்லோரும் விரும்பினார்கள். அவள் அழுதால் சேர்ந்து அழுதார்கள். ஆனால் வாதம் என்று வந்தால், அது அக்பரின் மூத்த மனைவி ருக்கையா பேகத்தைப் பற்றியோ செவிலித்தாய் மாஹம் அங்காவைப் பற்றியோதான் இருந்தது. "ருக்கையா செய்ததில் என்ன தப்பு? அவள் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?" என்று ஒருவர் கேட்பார். "அதற்காக இவ்வளவு சூழ்ச்சியா?" என்று இன்னொருவர் மறுப்பார். தொடரின் தலைப்பிலேயே பெயர் உள்ள நாயகியைப் பற்றி இப்படியொரு வாதம் நடந்து நான் கேட்டதில்லை.

இதை நான் முக்கியமான தீர்ப்பாகக் கருதுகிறேன். எந்தப் பாத்திரத்துக்கு ஆழம் இருக்கிறது, எதற்கு இல்லை என்பதைப் பார்வையாளர்கள் தங்களுக்குத் தெரியாமலே சொல்லிவிட்டார்கள். விட மனமில்லாத இரண்டு இருந்து, அதில் ஒன்றை இழந்தே தீரவேண்டும் என்ற நிலை வரும்போதுதான் ஒரு பாத்திரம் ஆழம் பெறுகிறது. அப்போதுதான் நாமும் பக்கம் பிரிந்து பேசுகிறோம். எல்லாக் கேள்விக்கும் பொறுமை ஒன்றையே பதிலாக வைத்திருக்கும் பாத்திரத்தோடு நமக்கு என்ன வாதம் இருக்க முடியும்?

மாஹம் அங்காவை எடுத்துக்கொள்வோம். தொடரில் அஷ்வினி கல்சேகர் நடித்த பாத்திரம். அக்பரின் செவிலித்தாய். வளர்த்த மகன் சிங்காசனத்தில் இருக்கிறான். பெற்ற மகன் ஆதம் கான் அவனுக்குக் கீழே இருக்கிறான். இரண்டு பேரும் அவளுடைய பிள்ளைகள்தான். ஆனால் ஒருவனுடைய உயர்வு இன்னொருவனுடைய ஏக்கமாக மாறுகிறது. அவள் செய்யும் ஒவ்வொரு சூழ்ச்சிக்கும் வேர் இங்கே இருக்கிறது. அதனால்தான் அவளை வெறுத்தவர்களாலும் அவளை ஒதுக்கிவிட முடியவில்லை.

வரலாறு இன்னும் கனமானது. 1561-ல் மாளவத்தை வென்ற ஆதம் கான், அதை ஆண்ட பாஸ் பகதூரின் அந்தப்புரத்திலிருந்து இரண்டு பெண்களை அரசருக்குத் தெரியாமல் தனக்கென்று ஒளித்துவைத்தார். விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயந்த மாஹம் அங்கா அந்தப் பெண்களைக் கொல்லச் செய்தார் என்று அரசவை வரலாறான அக்பர்நாமாவில் அபுல் ஃபசல் எழுதுகிறார். மகன் மேல் வைத்த பாசம் இரண்டு உயிர்களைக் குடித்தது. அதே பெண்மணிதான் டெல்லியில் பழைய கோட்டைக்கு எதிரே கைருல் மனாசில் என்ற பள்ளிவாசலைக் கட்டியவர்.

1562 மே மாதம் ஆக்ரா கோட்டையில் ஆதம் கானின் கையால் அத்கா கான் கொலையுண்டார். அத்கா கான், அக்பருக்குப் பாலூட்டிய இன்னொரு செவிலித்தாய் ஜீஜி அங்காவின் கணவர். சத்தம் கேட்டு விழித்து வந்த அக்பர், ஆதம் கானை மாடத்திலிருந்து கீழே எறியச் சொன்னார். முதல் முறை உயிர் போகவில்லை. மறுபடி மேலே தூக்கிவந்து எறிந்தார்கள். அப்போது அக்பருக்கு வயது 19. நோயில் படுத்திருந்த மாஹம் அங்காவிடம் அவரே போய்ச் செய்தியைச் சொன்னார். அரசர் செய்தது சரியே என்று அந்தத் தாய் பதில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஏறக்குறைய நாற்பது நாளில் அவரும் இறந்துபோனார். தாயும் மகனும் டெல்லி மெஹ்ரௌலியில் ஒரே கல்லறை மாடத்தில் அடக்கமானார்கள்.

நேயர்களே, 'சரியே' என்ற அந்தப் பதிலை நினைத்துப் பாருங்கள். அரசரிடம் வேறு எதையும் சொல்ல முடியாத அச்சமா, வளர்த்த பிள்ளை மேல் மிச்சமிருந்த பாசமா, எல்லாம் முடிந்துபோனது என்ற வெறுமையா? மூன்றும் இருக்கலாம். இப்படி ஒரு சொல்லுக்குள் மூன்று மனம் இருப்பதைத்தான் நான் ஆழம் என்கிறேன்.

அடுத்து ருக்கையா. அக்பரின் தந்தை ஹுமாயூனின் தம்பி ஹிந்தால் மிர்ஸாவின் மகள். அக்பருக்குச் சித்தப்பா மகள், முதல் மனைவி. தொடர் அவளை ஜலாலின் சிறுவயதுத் தோழியாகக் காட்டியது. அவளிடம் அவன் அரசனாக நடிக்க வேண்டியதில்லை. அந்த இடம் தன்னுடையது என்று அவள் நம்பியிருந்தாள். ஒரு ராஜபுத்திர இளவரசி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தபோது அவளுக்குப் போனது கணவன் மட்டுமல்ல, தோழனும் போனான். பார்வையாளர்களில் பலர் ருக்கையாவின் பக்கம் நின்றதற்கு இதுதான் காரணம். வரலாற்றில் ருக்கையாவுக்குக் குழந்தை இல்லை. அக்பரின் மகன் சலீமுக்குப் பிறந்த குர்ரம், பிற்காலத்து ஷாஜகான், இவரிடம்தான் வளர்ந்தார். ருக்கையா, அக்பர் இறந்த பிறகும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து 1626-ல் காலமானார். பொறாமை பிடித்த மூத்தாள் என்ற ஒரு வரிக்குள் அடங்குகிற வாழ்க்கையா இது?

இனி ஜலாலுக்கு வருவோம். கல்நெஞ்சம் கொண்ட இளம் அரசன் ஒரு பெண்ணின் அன்பால் மெல்ல மெல்லக் கருணை உள்ளவனாக மாறுகிறான். தொடரின் முதுகெலும்பே இதுதான். ரஜத் தோகாஸ் அதிகம் பேசாமல், கண்ணாலேயே அந்த மாற்றத்தைக் காட்டினார். அதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வரலாற்றில் இருக்கும் அக்பர் இவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை.

தொடரில் ஜோதாவாக வரும் ஆமேர் இளவரசியை அவர் மணந்தது 1562 பிப்ரவரியில். போர்க் கைதிகளின் குடும்பத்தாரை அடிமையாக்குவதை அதே ஆண்டு தடை செய்தார். 1563-ல் யாத்திரை வரியை நீக்கினார். 1564-ல் முஸ்லிம் அல்லாதவர்கள் மீதிருந்த ஜிசியா வரி போனது. இதுவரை பார்த்தால் தொடரின் கதை பொருந்துகிறது. ஆனால் 1568 பிப்ரவரியில் ராஜபுத்திரர்களின் சித்தோர் கோட்டை விழுந்தபோது, கோட்டைக்குள் இருந்த சுமார் 30,000 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அக்பரின் ஆணைப்படியே அது நடந்தது. ஆமேர் இளவரசி அப்போது அவருடைய மனைவிதான். மறு ஆண்டு, 1569-ல், சீக்ரியில் அவருக்கு சலீம் பிறந்தார்.

அன்பு ஒருவரை மாற்றும், மாற்றாமலும் போகும், பாதி மாற்றிவிட்டு நின்றும் போகும். வரியை நீக்கியவரும் சித்தோரில் கொல்லச் சொன்னவரும் ஒரே மனிதர் என்பதை ஒரு தொடர் நேராகப் பார்த்து எழுதியிருந்தால், அந்த மனிதரோடு வாழும் பெண்ணின் மனமும் நமக்குத் தெரிந்திருக்கும். தன் இனத்தார் சித்தோரில் செத்த செய்தி கேட்ட இரவில் ஜோதா கணவனிடம் என்ன பேசினாள்? அந்த ஒரு காட்சியில் அவள் ஆழமான பாத்திரமாகியிருப்பாள்.

இங்கேதான் என் வருத்தம். தொடரிலேயே அதிக ஆழத்துக்கு இடம் கொண்ட பாத்திரம் ஜோதாதான். அவளுக்குத்தான் அது மிகக் குறைவாகக் கிடைத்தது.

வரலாற்றில் அவருக்கு மணமான சூழ்நிலையைக் கேளுங்கள். ஆமேர் அரசர் பார்மல் நெருக்கடியில் இருந்தார். முகலாய அதிகாரி ஷரிஃபுத்தீன் மிர்ஸா அவருடைய உறவினர்களைப் பிணைக் கைதிகளாகப் பிடித்துவைத்திருந்தார். அக்பர் அஜ்மீருக்குப் போகும் வழியில் பார்மல் அவரைச் சந்தித்தார். சாம்பரில் திருமணம் நடந்தது. கைதிகள் மீண்டார்கள், ஆமேர் தப்பியது. சகோதரர் பகவந்த தாஸும் அவர் வழியில் வந்த மான் சிங்கும் பேரரசின் பெரிய தளபதிகளாக உயர்ந்தார்கள். இவ்வளவையும் எழுதிய அரசவை வரலாறு, அந்தப் பெண் என்ன நினைத்தார் என்று ஒரு வரி எழுதவில்லை. அக்பர்நாமாவில் ஜோதா என்ற பெயரும் இல்லை. மரியம் உஸ் ஸமானி என்ற பட்டத்தால்தான் வரலாறு அவரை அறிகிறது.

ஆனால் பிற்காலத்தில் அவர் யாராக ஆனார் என்பதற்குச் சான்று உண்டு. மகன் சலீம் ஜஹாங்கீராக ஆண்டபோது அவர் கடல் வணிகம் செய்த பெண்மணி. அவருடைய 'ரஹீமி' என்ற பெரிய கப்பல், சரக்கோடு ஹஜ் பயணிகளையும் ஏற்றிக்கொண்டு செங்கடலுக்குப் போய்வந்தது. 1613-ல் போர்த்துக்கீசியர் அதைக் கைப்பற்றியபோது ஜஹாங்கீர் சும்மா இருக்கவில்லை. போர்த்துக்கீசியர்மீது நடவடிக்கை எடுத்தார். அந்த ஒரு கப்பலால் அரசியலே புரண்டது. 1623-ல் இறந்த அவரை, சிக்கந்தராவில் அக்பரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தார்கள்.

பிணைக் கைதிகளுக்கு ஈடாகச் சாம்பரில் மணமான இளம்பெண், பிறகு கப்பல் உரிமையாளராக வளர்ந்த கதை இது. இடையில் எத்தனை கணக்குகள், எத்தனை சமரசங்கள், எத்தனை துணிவுகள் இருந்திருக்க வேண்டும்! தொடரோ அவளைத் திரும்பத் திரும்பச் சந்தேகத்துக்கு ஆளாக்கி, அழவைத்து, மன்னிக்கவைத்து, அடுத்த பழிக்குத் தயார் செய்தது.

ஏன் இப்படி ஆகிறது? இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, தினத்தொடரின் அமைப்பு. வாரத்துக்கு ஐந்து நாள், ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு திடுக்கிடல் வேண்டும். திடுக்கிடலை உண்டாக்க எளிய வழி, வெளியிலிருந்து ஒரு ஆபத்தைக் கொண்டுவருவது. விஷம், திருட்டுக் கடிதம், ஒட்டுக்கேட்டல். ஆபத்து வெளியிலிருந்து வந்தால் நாயகிக்கு உள்ளே போராட்டமே தேவையில்லை. தாங்கிக்கொண்டால் போதும். சூழ்ச்சி செய்பவர்களுக்குத்தான் ஆசையும் அச்சமும் காரணமும் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் ஆழமெல்லாம் அவர்கள் பக்கம் போய்ச் சேர்கிறது.

இரண்டாவது காரணம் பயம். 2008-ல் ஆஷுதோஷ் கோவாரிக்கரின் 'ஜோதா அக்பர்' திரைப்படம் வந்தபோதும், பிறகு இந்தத் தொடர் வந்தபோதும் ராஜஸ்தானில் ராஜபுத்திர அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. ஒரு சமூகம் தன் குலப்பெண்ணாகக் கருதும் ஒருவரைப் பற்றி எழுதும்போது, கோபம் வராமலிருக்க அவரைக் குறையே இல்லாதவராக்கிவிடுவது பாதுகாப்பான வழியாகத் தெரிகிறது. குறையில்லாத பெண்ணை வணங்கலாம். அவளை அறிந்துகொள்ள முடியாது.

"இது காதல் கதைதானே, இதில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். காதல் கதை என்பதால்தான் எதிர்பார்க்கிறேன். அக்பரின் தாய் ஹமீதா பானுவைப் பாருங்கள். ஹுமாயூன் பெண் கேட்டபோது அவர் உடனே சம்மதிக்கவில்லை. நாற்பது நாள்வரை மறுத்துக்கொண்டே இருந்தார் என்று ஹுமாயூனின் சகோதரி குல்பதன் பேகம் தம் நூலில் எழுதியிருக்கிறார். அரசரிடம் 'மாட்டேன்' என்று சொன்ன பெண் அந்தக் குடும்பத்திலேயே இருந்தார். மறுக்கும் உரிமையும் மறுக்கும் மனமும் உள்ள ஒருத்தி 'சரி' என்று சொல்லும்போதுதான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு வருகிறது. காதலின் சுவையே அங்கேதான் இருக்கிறது.

இதை எழுத ஐந்நூறு பகுதிகள் வேண்டும் என்பதும் இல்லை. 1960-ல் வந்த 'முகல் ஏ ஆஸம்' படத்தில் துர்கா கோட்டே இதே அரசியாக நடித்தார். சில காட்சிகள்தான். ஒரு பக்கம் கணவர், இன்னொரு பக்கம் அவரை எதிர்த்து நிற்கும் மகன். மனைவியா, தாயா என்று தேர்ந்தெடுக்கவேண்டிய இடத்தில் அவர் நிற்கிறார். அந்த முகம் பார்த்தவர்களுக்கு மறப்பதில்லை.

நேயர்களே, அடுத்த முறை ஓர் அரண்மனைத் தொடர் பார்க்கும்போது நாயகியைப் பற்றி மூன்று கேள்விகள் கேளுங்கள். இவளுக்கென்று என்ன வேண்டும்? அதற்காக எதை இழக்கத் துணிவாள்? நாயகன் இல்லாத அறையில் இவள் என்ன செய்வாள்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அது நல்ல எழுத்து. கிடைக்காவிட்டால், எவ்வளவு நகை போட்டிருந்தாலும் அவளுக்கு உயிர் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் ருக்கையாவுக்காக வாதாடிய அந்தப் பேச்சை வெட்டிப் பேச்சு என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது விமர்சனம். நாயகிக்காகவும் அப்படி வாதாட வேண்டிய ஒரு தொடர் வேண்டும் என்று நாம் கேட்போம். தொடர் எழுதுகிறவர்கள் பார்வையாளர்களின் கண்ணீரைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். நம் கேள்விகளையும் அவர்கள் கணக்கில் வைக்கும்படி உரக்கப் பேசுவோம்.