தலையும் கையும்

எங்கள் ஊர்த் தச்சாசாரியார் வாசல் நிலை செய்ய வந்தால் முதலில் மரத்தைத் தட்டிப் பார்ப்பார். மரம் தெரிவதும், அளவெடுப்பதும், உளி தீட்டுவதும், மாரியில் கதவு இறுகினால் வந்து சீவிக் கொடுப்பதும் அவரே. திட்டமும் அவர் தலைக்குள். பழியும் அவர் தலையில்.

நேயர்களே, அமெரிக்கரான பிரெட்ரிக் டெய்லர், 1911 இல் வெளிவந்த தமது முகாமைத்துவ நூலிலே, இந்தத் தலையையும் கையையும் பிரித்து வைத்தார். சிந்திப்பது அலுவலகத்தின் வேலை, செய்வது தொழிலாளியின் வேலை என்றாயிற்று. 1913 இல் ஹென்றி போர்ட்டின் ஆலையில் நகரும் தொடரிலே கார்கள் பூட்டப்பட்டன. ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட 12 மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது, ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலமாகக் குறைந்தது. சாதாரண மனிதனுக்கும் கார் கிட்டியது. அதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால், ஆட்கள் நிற்கவில்லை. வந்தவர்கள் வந்த வேகத்திலேயே விலகினார்கள். 1914 இல் நாளொன்றுக்கு 5 டொலர் என்று அறிவித்தே அவர்களை நிறுத்த வேண்டியிருந்தது.

சுவீடனிலே வொல்வோ நிறுவனம், உத்தெவல்லா ஆலையில் சிறு குழுக்களிடம் முழுக் காரையுமே ஒப்படைத்துப் பார்த்தது. விற்பனை மந்தமான காலத்தில், 1993 இல், அது மூடப்பட்டது.

நானும் முகாமையாளர் கதிரையில் பல வருடங்கள் இருந்தவன்தான். படிவங்கள் வகுத்தேன், கையொப்பம் இட்டேன். ஒருமுறை நாங்கள் அனுப்பிய சரக்கு பழுதென்று திரும்பி வந்தது. கூடவே வந்த தாளில் எட்டுக் கையொப்பங்கள். "இது நான் செய்தது" என்று சொல்ல ஒருவருமில்லை.

அந்த எட்டில் ஒன்று என்னுடையது.